இரண்டாம் முறையும் தொட்டார்



புளி உலுக்கும் காலம் இது. கொல்லையிலும் காட்டிலும் வேலை கிடக்க, அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுத் திருப்பலிக்கு வந்திருக்கிறீர்கள். சில வீடுகளிலிருந்து ஒருவர் மட்டுமே வந்திருப்பதையும் பார்க்கிறேன். இன்னொருவர் கட்டிலருகே இருந்தாக வேண்டும். இன்று பிப்ரவரி 11, லூர்து அன்னையின் நினைவு நாள். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் இந்த நாளை நோயாளர் உலக நாளாக ஏற்படுத்தினார். 1993 முதல் உலகமெங்கும் திருச்சபை இந்த நாளில் நோயாளர்களோடு சேர்ந்து மன்றாடுகிறது. நம் ஜவ்வாது மலையில், பக்கவாதம் வந்து கட்டிலில் கிடப்பவர்களைப் பற்றியும் அவர்களை எழுப்பி உட்கார வைக்கும் கைகளைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் ஒரு சிறிய நிகழ்ச்சி வருகிறது. பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை இயேசுவிடம் அழைத்து வருகிறார்கள். இயேசு அவருடைய கையைப் பிடித்து ஊருக்கு வெளியே நடத்திச் செல்கிறார். உமிழ்நீரால் கண்களைத் தொட்டு, கைகளை அவர்மேல் வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். அந்த மனிதர் உள்ளதைச் சொல்கிறார்: ஆட்கள் தெரிகிறார்கள், ஆனால் நடமாடும் மரங்களைப்போலத் தெரிகிறார்கள். இயேசு மறுபடியும் கைகளை அவர் கண்களின்மேல் வைக்கிறார். அதன் பிறகுதான் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

நான்கு நற்செய்திகளையும் புரட்டிப் பாருங்கள். இயேசு ஒருவரை இரண்டு கட்டமாகக் குணமாக்கியது இங்கே மட்டும்தான். கடலையும் காற்றையும் ஒரே சொல்லில் அடக்கியவர் அவர். நான்கு நாள் கல்லறையில் கிடந்த லாசரை ஒரே குரலில் எழுப்பியவர் அவர். அப்படிப்பட்டவர் இந்த மனிதரிடம் மட்டும் பாதிவழியில் நின்று, எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். பாதிக் குணம் என்று பதில் வந்தபோது ஆண்டவர் முகம் சுளிக்கவில்லை. உனக்கு நம்பிக்கை போதாது என்று கடிந்துகொள்ளவில்லை. இன்னொரு முறை தொட்டார், அவ்வளவுதான். அன்பானவர்களே, உங்கள் வீட்டில் பாதிக் குணத்தோடு படுத்திருப்பவரிடம் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள்? கேட்கச் சங்கடமான கேள்விதான். ஆனாலும் அதைக் கேட்பவர், பாதிக் குணமானவரின் கையை விடாமல் பிடித்திருந்த ஆண்டவர்.

வீடு சந்திக்க வரும்போது நீங்கள் என்னிடம் சொல்வீர்கள்: “ராத்திரி நல்லாத்தான் படுத்தாரு சாமி. விடிஞ்சு பார்த்தா ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சு.” அந்த இரவில் நடந்தது இதுதான். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் ஒன்று அடைத்துக்கொள்கிறது, அல்லது வெடித்துவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அடைப்புதான். இரத்தம் கிடைக்காத மூளைப் பகுதி செத்துப்போகிறது. இடப்பக்க மூளை பாதித்தால் வலக்கையும் வலக்காலும் தளர்ந்துவிடும், பலருக்குப் பேச்சும் போய்விடும். வலப்பக்கம் பாதித்தால் இடக்கையும் இடக்காலும். கையிலோ காலிலோ ஒரு கோளாறும் இல்லை. அவற்றுக்குக் கட்டளை அனுப்பும் இடத்தில்தான் காயம்.

இதைத் தெரிந்துகொள்ளாததால் நாம் எத்தனை பேரை நோகடித்திருக்கிறோம்! செய்வினை என்கிறோம், காத்துக் கருப்பு என்கிறோம். கோயிலுக்கு வருகிற நாமே, என்ன பாவம் செய்தானோ என்று முணுமுணுக்கிறோம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவருடைய பாவமும் இல்லை, பெற்றோருடைய பாவமும் இல்லை என்று ஆண்டவரே பதில் சொல்லிவிட்டார். யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. படுத்திருப்பவரின் தலைமாட்டில் நின்று அவருடைய பாவங்களைக் கணக்குப் பார்க்கும் வேலையை இறைவன் யாருக்கும் கொடுக்கவில்லை.

பழி பேசுவதில் போகும் நேரம் உயிரையும் கொண்டுபோகும். முகம் ஒரு பக்கம் கோணினால், தூக்கச் சொன்ன கை கீழே விழுந்தால், பேச்சு குழறினால், அடுத்த நொடி 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கேன் எடுத்து, அடைப்பா கசிவா என்று பார்த்தாக வேண்டும். ஆகவே ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். நம் மலைப்பாதையின் வளைவுகள் எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புறாவின் இரத்தத்தைத் தடவிக்கொண்டு விடியும்வரை காத்திருந்தால் அந்த நான்கரை மணி நேரம் திரும்ப வராது. விடிந்த பிறகே தெரியவந்தால், அப்போதும் தாமதிக்காமல் கொண்டுபோங்கள். எப்போது கடைசியாக நன்றாக இருந்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சகோதர சகோதரிகளே, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் நீண்ட பயணம் தொடங்குகிறது. மழைக்காலத்தில் மண் சரிந்து, நாம் நடக்கும் ஒற்றையடிப் பாதை மூடிப்போவது உண்டு. முதலில் ஒருவர் புதரை விலக்கிக்கொண்டு வேறு பக்கமாக ஏறுவார். அவருக்கு முள் கிழிக்கும், கால் வழுக்கும். அடுத்தடுத்து ஆட்கள் அதே வழியில் போய்வரப் போய்வர, சில மாதங்களில் அங்கே புதுப் பாதை விழுந்திருக்கும். மூளையும் அப்படித்தான். செத்த பகுதி திரும்ப உயிர் பெறுவதில்லை. அதன் பக்கத்திலும் மற்ற இடங்களிலும் நன்றாக இருக்கும் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன. கற்றுக்கொள்ள ஒரே வழி, அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிடுவதில்லை. ஒரு வருடம் கழித்தும் ஒரு விரல் புதிதாக மடங்கக் கற்றுக்கொள்வது உண்டு. பத்து நாள் செய்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிட்டோமா? மனம் சோர வேண்டாம். இன்று மறுபடி தொடங்கினாலும் அது வீணாகாது.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே சாட்சிகள் இருக்கிறார்கள். நம்மைப் போன்ற ஒரு மலையில், கொல்லிமலையில், 1914-இல் மறைப்பணியாளர் வீட்டில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், நாம் சி.எம்.சி. என்று சொல்கிறோமே, அங்கே தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வேலை செய்யாத தசைக்குப் பதிலாக, நன்றாக இருக்கும் தசையொன்றின் நாணை எடுத்துப் பொருத்துவார். பொருத்தியவுடன் விரல் ஒழுங்காக அசைந்துவிடாது. வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த தசை இப்போது புது வேலை பார்க்க வேண்டும். அதை மூளைக்குக் கற்றுத்தர, இயன்முறைப் பயிற்சியாளர்கள் வாரக்கணக்கில் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கத்தி செய்த வேலை ஒரு நாள். கைப்பிடித்து உட்கார்ந்தவர்கள் செய்த வேலை பல நாள்.

அதே மருத்துவமனையில் பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954-இல் ஒரு கார் விபத்தில் அவருடைய முதுகுத்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. மருத்துவராக இனி என்ன செய்ய முடியும் என்று அவரே கலங்கியிருந்த காலத்தில் டாக்டர் பிராண்ட் ஊக்கப்படுத்தினார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யக் கற்றார் மேரி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று தன் உடலைத் தானே பேணிக்கொள்ளப் பழகினார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து சி.எம்.சி.யில் அந்தத் துறையை வளர்த்தெடுத்தார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் உடல் இயக்கம் இழந்தவர்களுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

அவருடைய கால்களுக்கு உணர்வு திரும்பவேயில்லை. கால்களைக் கேட்டு அழுதவருக்குக் கடவுள் எத்தனையோ பேரை எழுந்து நிற்க வைக்கும் கைகளைக் கொடுத்தார். உங்கள் வீட்டுக் கட்டிலில் இருப்பவரைப் பற்றி, இனி இவரால் ஒன்றும் ஆகாது என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். கடவுள் யாரைப் பற்றியும் அப்படிச் சொன்னதில்லை.

இப்போது கைகளைப் பற்றிப் பேசுவோம். அன்பு இருந்தால் மட்டும் போதாது, அன்புக்குப் பழக்கமும் வேண்டும். பாசத்தோடு செய்வதே சில நேரம் காயப்படுத்திவிடுகிறது. கட்டிலிலிருந்து எழுப்ப, தளர்ந்த கையைப் பிடித்து இழுக்கிறோம். அந்தத் தோளைத் தாங்க அங்கே தசைக்கு வலுவில்லை. மூட்டு நழுவி, பல மாதம் தீராத வலி வந்துவிடும். கையை இழுக்காமல், அக்குளில் தூக்காமல், இடுப்பிலும் தோள்பட்டைக்குப் பின்னாலும் தாங்கி எழுப்புங்கள். படுத்திருக்கும்போது அந்தக் கைக்குக் கீழே ஒரு தலையணை இருக்கட்டும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள், படுக்கைப்புண் வராது. உணர்ச்சியில்லாத கையில் சூடான ஒத்தடம் கொடுக்காதீர்கள். சுடுவது அவருக்குத் தெரியாது, தோல் வெந்துபோகும். படுத்த நிலையில் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். இருமினாலோ குரல் ஈரமாக ஒலித்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வாதம் வந்த முதல் நாளிலேயே பிடித்து நடக்க வைக்க அவசரப்பட வேண்டாம். மருத்துவர் சொன்ன பிறகு, கட்டில் ஓரத்தில் இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்கார வையுங்கள். உட்காரப் பழகியதும் எழுந்து நிற்பது, மறுபடி உட்காருவது. தளர்ந்த காலிலும் பாரம் விழட்டும். விரலுக்கு வேலை கொடுக்க விலையுள்ள கருவி எதுவும் வேண்டாம். முறத்தில் புளியங்கொட்டையைப் பரப்பி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். தம்ளரைப் பிடித்து வாய்வரை கொண்டுபோகட்டும், துண்டை மடிக்கட்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த தமிழர் வி.எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவர்களின் வலியைப் போக்கக் கண்ணாடியைப் பயன்படுத்திக் காட்டினார். அந்த முறை இப்போது பக்கவாதத்துக்கும் பயன்படுகிறது. தளர்ந்த கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து வைத்து, நல்ல கையை முன்னால் அசைத்தால், கண்ணாடியில் இரண்டு கையும் அசைவதுபோல் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து மூளை பழகுகிறது. பிசியோதெரபிஸ்டிடம் ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொண்டால் வீட்டிலேயே செய்யலாம்.

வலப்பக்க மூளை பாதித்த சிலருக்கு இன்னொரு துன்பம் உண்டு. தனக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர்கள் மறந்துவிடுவார்கள். தட்டில் வலப்பக்கச் சோறு மட்டும் காலியாகும். இடப்பக்கம் நிற்கும் மகளைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அப்பா என்னை மதிக்கவில்லை என்று அவள் அழுவாள். அவர் மதிக்காமல் இல்லை, அந்தப் பக்கம் அவருக்குத் தெரிவதேயில்லை. அம்மா, நீ அந்தப் பக்கமே போய் உட்கார். அங்கிருந்தே கூப்பிடு, அந்தக் கையைத் தொட்டுப் பேசு. மறந்த பக்கம் மெல்ல நினைவுக்கு வரும். நாம் மறந்துபோன பக்கத்திலிருந்துதானே ஆண்டவரும் நம்மைத் தேடி வந்தார்?

பேச்சு இழந்தவர்களின் வேதனை இன்னும் ஆழமானது. மனதில் எல்லாம் இருக்கும், வார்த்தை வராது. அவசரப்படுத்தாதீர்கள், அவருக்குப் பதிலாக நீங்களே பேசி முடிக்காதீர்கள். ஆம், இல்லை என்று தலையசைக்கும்படி கேளுங்கள். ஓர் அருமையான விஷயம் சொல்கிறேன். தன் பெயரையே சொல்ல முடியாத சிலர், சிறுவயது முதல் சொல்லிப் பழகிய செபங்களையும் பாட்டுகளையும் மற்றவர்களோடு சேர்ந்து சொல்லிவிடுவார்கள். பழகிய வார்த்தைகள் மூளையில் வேறு வழியாக வருவதால் மருத்துவர்கள் இதில் வியப்பதில்லை. ஆகவே மாலையில் செபமாலையை அடுத்த அறையில் சொல்லாதீர்கள். கட்டிலருகே சொல்லுங்கள். அவர் உதடு அசைகிறதா என்று பாருங்கள். அசையாவிட்டாலும், அவருடைய மௌனத்தைக் கடவுள் மன்றாட்டாக ஏற்றுக்கொள்கிறார்.

காரணமில்லாமல் அழுதால், எரிந்து விழுந்தால், பயிற்சி வேண்டாம் என்று திரும்பிப் படுத்தால், பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் கூடவே வருகிறது. அதுவும் நோய்தான், அதற்கும் மருந்து உண்டு, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். என்னைக் கூப்பிடவும் தயங்காதீர்கள். சாமியார் வந்து எண்ணெய் பூசினால் முடிந்துவிட்டது என்று அர்த்தம் என்ற பயம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. நோயில்பூசுதல் சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே தெளிவாக்கிவிட்டது. கடும் நோயில் இருப்பவருக்குத் திடம் தரும் அருளடையாளம் அது.

கட்டிலருகே இருப்பவர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. உங்களில் பெரும்பாலோர் பெண்கள். மனைவி, மகள், மருமகள். விடியலில் தண்ணீர் சுமந்து, சமைத்து, கழிவை அள்ளி, கூலிக்கும் போய்விட்டு வந்து, இரவில் இரண்டு முறை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறீர்கள். சில நாள், இவர் போய்ச் சேர்ந்தால் போதும் என்ற நினைப்பு வந்து, பிறகு அதற்காக அழுகிறீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் நீங்கள் கொண்டுவரும் அந்தக் கண்ணீரைக் கடவுள் அறிவார். களைப்பை அவர் பாவமாக எண்ணுவதில்லை. கிணற்றடியில் களைத்து உட்கார்ந்தவர் அவர்.

மற்றவர்களே, நம்மிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில் முடக்குவாதமுற்றவரைச் சுமந்து வந்தவர்கள் நான்கு பேர். நம் மலையில் வண்டி போகாத ஊர்களிலிருந்து டோலி கட்டித் தூக்கி வந்தவர்களுக்குத் தெரியும், ஓர் ஆளைத் தூக்க எத்தனை தோள் வேண்டும் என்று. தோள் மாற்றாமல் யாரும் மலை இறங்க முடியாது. அந்த ஒற்றைப் பெண்ணின் தோளை மாற்றிக்கொள்ள நம் அன்பியத்தில் யார் போனோம்? ஆண்டவர் அந்த நால்வரின் நம்பிக்கையைக் கண்டுதான் படுத்திருந்தவரிடம் பேசினார். நம் நம்பிக்கையையும் அவர் அப்படியே பார்க்கக் காத்திருக்கிறார்.

அரசும் வாசலுக்கு வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே தரப்படுகிறது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. பக்கவாதத்துக்கு முதல் காரணமே கட்டுப்படாத இரத்த அழுத்தம்தான். தலைவலி இல்லையே, எதற்கு மாத்திரை என்று பானைக்குள் போட்டு வைப்பவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். இரத்த அழுத்தம் வலித்துக்கொண்டு வருவதில்லை.

ஆகவே, அன்பு சகோதர சகோதரிகளே, இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் அன்பியத்தில் பக்கவாதம் வந்த வீடு எது என்று பார்த்து, முறை வைத்துக்கொண்டு தினமும் ஒருவர் அரை மணி நேரம் போய், பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தந்த பயிற்சியைச் செய்ய உதவுங்கள். அந்த நேரத்தில் அந்த வீட்டுப் பெண் சற்றுக் கண்ணயரட்டும். சுகாதார நிலையத்துக்குப் போய் அந்த வீட்டின் பெயரை இயன்முறை சிகிச்சைக்குப் பதிவு செய்துவிட்டு வாருங்கள். முப்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் இந்த மாதத்துக்குள் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரை தந்திருந்தால் ஒரு நாளும் விடாதீர்கள். இரக்கமுள்ள ஆண்டவர் நோயுற்றவர்களையும் அவர்களைத் தாங்கும் உங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.